இருபத்து மூன்று படங்களில் விழுந்த குதிரை

ஹார்லன் பீபிள்ஸ் எழுதும் கடிதங்களில் கேள்விகளுக்கு எண் போட்டிருக்கும். தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, பாட்டுப் பாடும் கௌபாய் படங்களின் ரசிகர் சங்கத்துக்குச் செயலாளராகி, அந்தப் படங்களில் தலைகாட்டிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். குதிரையிலிருந்து விழுந்தவன், மதுக்கடை மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தவன் என்று யாரையும் விடுவதில்லை. அந்தப் படங்களில் குதிரையோடு விழுந்த வெர்ஜில் டாலிவருக்கு வந்த கடிதத்தில் பதினொரு கேள்விகள். இரண்டு வருடத்தில் வெர்ஜில் பத்துக்குப் பதில் எழுதிவிட்டார். ஒன்றை மட்டும் தாண்டிக்கொண்டே வந்தார்.

"7 விடுபட்டிருக்கிறது" என்று பீபிள்ஸ் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுவார். கோபமெல்லாம் இருக்காது. உறையில் தபால் தலை ஒட்டவில்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

ஏழாவது கேள்வி இது: ஏரியில் குதித்தது காமெட்தானா, வேறு குதிரையா? வேறு என்றால் அதன் பெயர் என்ன? அது பிறகு எத்தனை படங்களில் நடித்தது?

எழுதத்தான் வரவில்லையே தவிர, நேரில் போனால் வாயால் சொல்லிவிடலாம் என்று வெர்ஜிலுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான், எழுபத்தோரு வயதில், இரும்பு வைத்துத் தைத்த இடுப்போடு, மூன்று நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கலிஃபோர்னியாவிலிருந்து, சங்கம் கூடியிருந்த இந்த வட கரோலினா ஹோட்டலுக்கு வந்து சேர்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் அந்த ஏரிக்கரையில் நின்றவர்களில் இன்று உயிரோடிருப்பது இரண்டே பேர். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து, ரொட்டியின் மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்பட் ஃபெனிமோர். லானி கேய்தர் பாடி நடித்த பத்தொன்பது படங்களில் கூடவே வரும் கோமாளி. படத்துக்கு ஒரு தடவை, குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குள் விழுவார். அதே நசுங்கிய தொப்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போய்ப் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது அவர் தொழில்.

"யோவ், மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிருக்க? பாராட்டறதுக்குத்தான் கூப்பிட்டிருக்கானுங்க, தூக்குல போட இல்ல."

"மூணு நாள் பஸ்ஸுல வந்தவன் மூஞ்சி வேற எப்பிடி இருக்கும்?"

"நான் ஆறு கல்யாணம் பண்ணவன். என் மூஞ்சியப் பாரு, பளபளன்னு இல்ல?"

காலை எட்டு மணிக்கே ஜூலை வெயில் கண்ணாடியில் அடித்தது. சாப்பாட்டு அறை முழுக்க நடு வயது ஆட்கள்: பல் டாக்டர், லாரி ஓட்டுகிறவர், பாதிரியார். எல்லார் தலையிலும் கௌபாய் தொப்பி. ஒருவர் வெர்ஜிலைத் தாண்டும்போது நின்று, தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். வெர்ஜில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய இருபத்தாறு வருடத்தில் அவரை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்ததில்லை. இந்த மரியாதை புதுச் சட்டை மாதிரி கழுத்தில் உறுத்தியது.

பீபிள்ஸ் வந்தார். மெலிந்த ஆள், பையில் மூன்று பேனா, கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் அட்டைகள், படத்துக்கு ஒன்று.

"ரெண்டு மணிக்கு உங்க நிகழ்ச்சி ஐயா. மொத்தம் இருபத்து மூணு. அந்த ஒரே குதிப்ப இருபத்து மூணு படத்துல கம்பெனிக்காரன் எடுத்துப் போட்டிருக்கான். கடைசி ஒண்ணு போன மாசந்தான் கெடச்சுது. அதுல ஹீரோவே வேற ஆளு. அந்தக் காட்சிக்கு மட்டும் லானியோட சட்டை மாதிரியே ஒரு சட்டை மாட்டிக்கிட்டு வர்றாரு. எல்லாத்தையும் வெட்டி ஒரே ரீலா ஒட்டியாச்சு."

"எல்லாத்தையும் ஒண்ணா?"

"ஒண்ணு பின்னால ஒண்ணா. எங்க பசங்க மூணு மாசமா உக்காந்து ஒட்டினாங்க. அப்புறம், அந்த ஏழாவது..."

"மேடையில சொல்றேன்."

பீபிள்ஸ் ஒரு அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். ஸ்பட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லப் போறியா?"

வெர்ஜில் காபியைக் கலக்கினார்.

"இவங்கல்லாம் எதுக்கு வர்றாங்கன்னு நெனைக்கிற? லானி பாட்டுக்கா? அவன் மூக்கால பாடறான்னு அவங்கம்மாவே சொல்லும். கதைக்கா? பத்தொம்பது படத்துக்கும் ஒரே கதை. ஒரு பண்ணை, அத அமுக்கப் பாக்கற மீசைக்காரன். கடைசியில எல்லாம் சரியாப் போயிடும். அந்த ஒண்ணுக்குத்தான் வர்றாங்க. குதிரை விழுந்தா எந்திரிக்கும். அத நீ எடுத்துட்டா அப்புறம் மிச்சம் என்ன இருக்கு?"

"மெல்வின் இருக்கான்" என்றார் வெர்ஜில்.

ஸ்பட் முள்கரண்டியை எடுத்தார். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

காமெட் லானியின் குதிரை; அதன் பெயர் படத்தின் தலைப்பிலேயே லானி பெயருக்கு அடுத்து வரும். அதை ஒரு வாய்க்கால்கூடத் தாண்ட விடமாட்டார்கள். குதிப்பது, உருள்வது எல்லாம் மெல்வின். வெர்ஜிலின் சொந்தக் குதிரை; லானியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் உட்காருவதும் வெர்ஜில்தான். அரிசோனாவில் குதிரை அடக்கும் ஒரு ரோடியோ மைதானத்தில் வேண்டாம் என்று கழித்ததை வாங்கி, மணலில் விழப் பழக்கியிருந்தார். நிறம் காமெட்டின் அதே செம்பழுப்பு. நெற்றியில் வெள்ளைப் பட்டை மட்டும் கிடையாது. படப்பிடிப்பன்று காலையில் ஒப்பனைக்காரர் தூரிகையால் பட்டை போடுவார். கூச்சத்தில் மெல்வின் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

ஆறு நாளில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். பெரிய கம்பெனிகள் பாறை விளிம்பில் சாய்கிற பலகை கட்டி, குதிரையின் கண்ணைக் கட்டி நிறுத்தி, பலகையைச் சாய்த்துவிடும். அதைக் கட்ட அரை நாள் ஆகும். இவர்களிடம் அரை நாள் இல்லை. "பலகையெல்லாம் வேணாம், நான் சொன்னா அவன் குதிப்பான்" என்று வெர்ஜில்தான் டைரக்டரிடம் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் படகில் போய், பத்தடிக் கம்பை விட்டு ஆழம் பார்த்தார். கம்பு தரை தொடவில்லை. போதும் என்று வந்துவிட்டார். அன்று இரவு கீழே இருந்த பழத்தோட்டங்களுக்காக ஏரியின் அணையைத் திறந்துவிட்டார்கள். காலையில் வெளிச்சம் சரியாக இருக்கிறது, ஏறு ஏறு என்று டைரக்டர் விரட்டினார். வெர்ஜில் கம்பை மறுபடி எடுக்கவில்லை. முப்பதடி உயரம். குதிகாலால் ஒரு தட்டு. மெல்வின் போனது.

முன்னங்கால் இரண்டும் முறிந்துவிட்டன. வெர்ஜிலின் இடுப்பும் போயிற்று. கரையில் பதினெட்டுப் பேர் துப்பாக்கியோடு நின்றார்கள், அத்தனையும் வெத்துத் தோட்டா. குதிரையைச் சுட்டு வலியைத் தீர்க்க, பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டிலிருந்து நிஜத் துப்பாக்கி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை வெர்ஜில் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பெனியிடம் இருந்த ஒரே லாரியில் அவரைக் கிடத்தினார்கள். கேமராவும் அந்த லாரியின் மேல்தான் இருந்தது. அன்றைய காட்சிகள் முடிந்துதான் அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடியும். ஆகவே காமெட்டுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கரையில் படுக்க வைத்து எழுப்பியதையும், அது உடம்பை உதறியதையும், லானி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு அடி பாடியதையும் வெர்ஜில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். லானி ஒரே தடவையில் பாடி முடித்தான். வெர்ஜில் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றுதான். லாரி கிளம்பும் வரை, ஐந்து மணி நேரமும் ஸ்பட் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த எல்லா நகைச்சுவையையும் சொல்லித் தீர்த்தார்.

அந்தப் படத்தை வெர்ஜில் பார்த்ததில்லை, மற்ற இருபத்திரண்டையும் பார்த்ததில்லை. தண்ணீர் ராத்திரியில் இறங்கியது, காலையில் யாருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நாற்பத்திரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நடந்து வந்திருந்தார்.

இரண்டு மணிக்கு ஹோட்டலின் பெரிய கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். நானூறு பேர் இருக்கும். பக்கத்துக் கூடத்தில் வேறு ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது; சுவர் வழியாகக் குளம்படியும் கிதாரும் மாறி மாறி வந்தன. வெர்ஜிலை மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஸ்பட் முன் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் குதிப்பு வந்தது. ஒரு குதிரை, ஒரு ஆள், ஒரு பாறை. நான்கு விநாடிகூட இருக்காது. நீர் மேலே எழும்பியது. உடனே கரையில் காமெட் எழுந்து உதறியது. கூடம் கைதட்டியது. இரண்டாவது. மூன்றாவதில் பின்னணி இசை மட்டும் வேறு. தட்டல் கூடிக்கொண்டே போனது. ஏழாவது, எட்டாவது வந்தபோது கூட்டமே எண்ண ஆரம்பித்திருந்தது. "ஒம்பது" என்று நானூறு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

முதலில் வெர்ஜில் மெல்வினை மட்டுமே பார்த்தார். அது தயங்கியதா என்று பார்த்தார். தயங்கவில்லை. காதை முன்னால் நீட்டிக்கொண்டுதான் போனது. பிறகு, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ, கண் பாறைக்குப் போயிற்று. வெளுத்த பாறையின் அடியில், நீர் மட்டத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு பட்டை ஓடியது. ஒரு ஆளின் மார்பு உயரம். ஈரம். முந்தின இரவு வரை தண்ணீர் நின்ற இடம். பாறையின் தலையில் குதிரையோடு நின்ற அவருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் காலையில் கரையிலிருந்து மேலே ஏறும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

பதின்மூன்று. பட்டை. பதினான்கு. பட்டை. ஒரு படத்திலாவது இல்லாமல் இருக்காதா என்று அவர் பார்த்தார். இருபத்து மூன்றிலும் இருந்தது.

விளக்கு போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பீபிள்ஸ் ஒலிபெருக்கியைச் சரிசெய்து, ஒன்றிலிருந்து ஆறு வரை கேள்விகளையும் வெர்ஜில் எழுதிய பதில்களையும் வரிசையாகப் படித்தார். வரிசையை மீறுவது அவருக்கு ஆகாது.

"ஏழு. ஐயா, இந்தக் கேள்வி எப்பிடி வந்துதுன்னா, நம்ம நார்வுட் ஒரு ஒரு ஃப்ரேமாப் பாத்ததுல, தண்ணிக்குள்ள போனதும் நெத்தி வெள்ளை கரையுது. காமெட்டுக்கு அது பொறவி வெள்ளை, கரையாது. அதனால..."

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்று மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டையான உருவம், கழுத்து வலிக்குப் போடும் பட்டி மாட்டியிருந்தார். "என் பேரு ஐனஸ் லாக்கபி, ஐயா. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல எனக்கு ஒம்பது வயசு. அம்மா நூல் மில்லுல. சனிக்கிழமையானா என்னையும் தங்கச்சியையும் காலையிலேயே தியேட்டர்ல விட்டுட்டு ஷிஃப்டுக்குப் போயிடும். அந்தக் குதிரை விழறப்போ நான் கண்ண மூடிக்குவேன். எந்திரிச்சுடுச்சான்னு தங்கச்சியக் கேப்பேன். எந்திரிச்சுடுச்சும்பா. அப்புறந்தான் தொறப்பேன். இன்னிக்கும் இருபத்து மூணு தடவையும் மூடிக்கிட்டேன். நான் அது விழுந்ததப் பாத்ததே இல்ல, எந்திரிச்சதத்தான் பாத்திருக்கேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

அவர் உட்கார்ந்ததும் சிலர் தட்டினார்கள். ஸ்பட் முன் வரிசையிலிருந்து வெர்ஜிலைப் பார்த்தார். போதும், இதோடு விடு என்று கண் சொன்னது. விட்டுவிடுவது சுலபம். நன்றி அம்மா என்று சொல்லிவிட்டு எட்டுக்குப் போய்விடலாம். வெர்ஜிலுக்குக் களைப்பாக இருந்தது. மூன்று நாள் பஸ்ஸால் இந்த மாதிரிக் களைப்பைத் தந்துவிட முடியாது. அந்தக் களைப்பே அவரைப் பேச வைத்தது. இன்னும் ஒரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற அவரிடம் தெம்பில்லை.

"அவன் பேரு மெல்வின்" என்றார். "எந்திரிக்கறது அவன் இல்லம்மா. அது காமெட். மெல்வின் எந்திரிக்கல."

கூடத்தில் யாரோ இருமினார்கள். பக்கத்துக் கூடத்தில் கிதார் ஓடிக்கொண்டிருந்தது.

"பலகை வேணாம்னு சொன்னது நான். மொத நாளு ஆழம் பாத்தேன். மறுநாள் காலையில பாக்கல. ராத்திரி தண்ணி எறங்கியிருந்துச்சு. யாருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு இத்தன நாளு நெனச்சிருந்தேன். இப்பத்தான் பாத்தேன். பாறையில ஈரம் அப்பிடியே கோடு போட்டிருக்கு. எல்லாப் படத்துலயும் இருக்கு."

பிறகு பின்னாலிருந்து நார்வுட், கண்ணாடி போட்ட பருத்த மனிதர், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கோடு... நான் நூறு தடவ பாத்திருக்கேன், கண்ணுல படல. இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாமா?"

முன் வரிசையில் ஒருவர் "நார்வுட், உக்காருய்யா" என்று பல்லைக் கடித்தார். நார்வுட்டின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் வெர்ஜிலுக்குக் கோபம் வரவில்லை. இந்த ஆட்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எதையும் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

"போடச் சொல்லுங்க" என்றார்.

"போடுங்க" என்றார் ஐனஸ் லாக்கபியும். "ஆனா எந்திரிக்கறதுக்கு முன்னால நிறுத்திடுங்க."

விளக்கணைந்தது. இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. ஒரு குதிரை, ஒரு ஆள், ஒரு பாறை. வெர்ஜில் திரையைப் பார்க்கவில்லை, மூன்றாம் வரிசையைப் பார்த்தார். ஐனஸ் இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். நீர் எழும்பியது. புரொஜெக்டரை நிறுத்தினார்கள். திரை வெறும் இருட்டானது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கூடத்தில் பலத்த கைதட்டல். அங்கே ஓடியது லானியின் வேறொரு படம், பட்டியலில் பதினாறாவது. அங்கே அது எழுந்துவிட்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்பட் மேடையோரம் வந்து நின்றார்.

"என் வியாபாரத்துல மண்ணப் போட்டுட்ட."

"தெரியும்."

"நாளைக்கு எவனாவது வந்து அந்தக் குதிரைத் தொட்டியில நெசமாவே தண்ணி இருந்துதான்னு கேக்கப் போறான்." நசுங்கிய தொப்பியை எடுத்து வெர்ஜிலின் தலையில் வைத்து, தானே திரும்ப எடுத்துக்கொண்டார். "வா, ஐஸ் டீ குடிக்கலாம். நடப்பியா, இல்ல லாரி வரணுமா?"

"நடப்பேன். பீபிள்ஸ் கிட்ட ஒரு வேலை பாக்கி."

பீபிள்ஸ் மேசையில் இருபத்து மூன்று அட்டைகளையும் வரிசையாகப் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் 'குதிரை: காமெட்' என்று தட்டச்சு செய்திருந்தது. முதல் அட்டையில் அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'மெல்வின்' என்று எழுதி, எழுத்து சரியா என்று வெர்ஜிலிடம் காட்டினார். வெர்ஜில் தலையாட்டினார். அடுத்தது, அதற்கடுத்தது. அவசரமே இல்லை. இருபத்து மூன்றையும் முடித்த பிறகு, புது அட்டை ஒன்றை எடுத்தார். தலைப்பில் பெயர் எழுதினார். கீழே ஊர், உரிமையாளர், நிறம் எல்லாம் கேட்டு எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"எத்தன படம்னு போடணும். மணல்ல விழுந்த மத்த படத்தையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறேன், அது வேற கணக்கு. இந்தக் குதிப்புக்கு என்ன போடட்டும் ஐயா, இருபத்து மூணா?"

வெர்ஜில் மேசையில் கையை ஊன்றி இடுப்பை மெதுவாக நிமிர்த்தினார்.

"ஒண்ணுன்னு போடுங்க" என்றார். "அவன் ஒரு தடவதான் குதிச்சான்."